ஹந்தாவின் ஜீப்புக்குக் கிழக்கு எது

தலன்சத்கத் ஊரில் சுற்றுலா வண்டி ஓட்டுகிறவர்கள் எல்லோருக்கும் ஹந்தாவைத் தெரியும். பல கோடைக்காலங்கள் அவர்களுடைய வண்டிகளின் பின்னால், வெங்காய மூட்டைக்கும் கூடாரப் பைக்கும் நடுவில் உட்கார்ந்து போய், கோபிப் பாலைவனத்தின் மூலைமுடுக்கெல்லாம் சமைத்துப் போட்ட பெண். இப்போது நாற்பத்தெட்டு வயது. ஆள் குட்டை, தோள் அகலம். பேசும்போது யாரையும் நேராகப் பார்ப்பதில்லை. எதிரே இருப்பவர் தோளுக்கு மேலே, தூரத்தில் ஏதோ ஒட்டகம் போவதைப் போலப் பார்த்துப் பேசுவார்.

ஊருக்குத் தெற்கே ஒட்டகம் வளர்க்கும் குடும்பத்தில் பிறந்தவர். எட்டாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. பள்ளி விடுதிச் சமையலறையில் வேலைக்குச் சேர்ந்தார். கோம்போ என்ற லாரி ஓட்டுநரைக் கட்டிக்கொண்டார். கல்யாண விருந்துகளிலிருந்து வீடு திரும்பும்போது வண்டி ஓட்டும் நிலையில் கோம்போ இருந்ததில்லை. ஹந்தா ஜீப் ஓட்டக் கற்றுக்கொண்டது அப்படித்தான். பிறகு கோம்போ சுரங்க ஊருக்கு வேலைக்குப் போனார். கம்பெனி பஸ் வந்து கூட்டிக்கொண்டு போனதால் அவருடைய ரஷ்ய ஜீப் வேலிக்குள்ளேயே நின்றுவிட்டது. அவர் திரும்பி வரவில்லை. அங்கே அவருக்கு வேறு குடும்பம் இருப்பது எல்லோருக்கும் தெரியும். ஹந்தா அதைப் பற்றிப் பேசியதை நான் கேட்டதில்லை.

ஜீப் கற்களின் மேல் சில குளிர்காலங்கள் நின்றது. ஒரு வசந்தத்தில் ஹந்தா அதைக் கீழே இறக்கினார். விடுதிச் சமையலறையில் சேர்த்து வைத்ததைக் கொண்டு எஞ்சினைச் சரி செய்தார். நான்கு டயர் வாங்கினார். அதன் பிறகு தலைநகர் உலான்பத்தூரில் சுற்றுலா நிறுவனம் நடத்தும் உயங்கா என்ற பெண்ணுக்குப் போன் செய்தார். அவர் இத்தனை கோடையும் சமைத்தது உயங்காவின் விருந்தாளிகளுக்குத்தான்.

அந்தப் பேச்சை ஹந்தா என் வீட்டுக்கு வெளியே நின்றுதான் பேசினார். அலைபேசிக்கு அங்கேதான் சிக்னல் கிடைக்கும். போனை எப்போதும் ஒலிபெருக்கியில் போட்டுப் பேசுவது அவர் வழக்கம். ஆகவே இரண்டு பக்கமும் என் காதில் விழுந்தது.

"தங்கச்சி, இந்த வருஷம் நான் சமைக்க மட்டும் வரல. வண்டியும் என்னோடது. ஓட்டறதும் நானே, சமைக்கறதும் நானே. சமையல்காரிக்குன்னு ஒரு சீட்டு ஒதுக்க வேணாம் பாருங்க, அதுல ஒரு ஆள் கூட ஏத்தலாம்."

"அது சரிக்கா. ஆனா உங்க ஜீப்புல இடம் ஏது? மூணு பேரு உக்காந்தா முடிஞ்சுது. கூடாரம், அடுப்பு, தண்ணி, சாமான் எல்லாம் எங்க வைப்பீங்க, மடியிலயா?"

"வெளிய வைப்பேன். வாலுல."

"நடுவழியில ஏதாவது ஒடைஞ்சா? நம்ம வேன்கார புரேவுன்னா வண்டிக்கு அடியில படுத்து எந்திரிச்சு வந்துருவான். நீங்க?"

கடைசியில் உயங்கா இப்படி முடித்தாள்: பருவம் தொடங்குவதற்கு முன் அவளே விமானத்தில் வருவாள், ஹந்தாவின் ஜீப்பில் மணல்மேடுகள் வரை போய், ஓர் இரவு தங்கி, திரும்புவாள். சரியாக இருந்தால் அந்தக் கோடையின் பயணங்கள் ஹந்தாவுக்கு. இல்லையென்றால் புரேவின் வேனுக்கு. அந்த வேனில் சமையல்காரியாக ஹந்தா வழக்கம்போல வரலாம்.

ஜீப்பின் மேற்கூரையில் எல்லாவற்றையும் ஏற்ற முடியாது. மாற்றுச் சக்கரத்தையும் கூடாரங்களையும் அங்கே கட்டினாலே, மணல் தடத்தில் வண்டி குடிகாரனைப் போல இரண்டு பக்கமும் ஆடும். மீதியெல்லாம் கீழே, பின்னால்தான் வர வேண்டும். அதற்கு ஜீப்போடு வந்த பின் பம்பர் போதாது. அது உள்ளங்கை அகலத் தகடு. ஒரு மனிதன் ஏறி நின்றாலே வளையும். அதனால் ஹந்தா வெல்டர் தோக்சோமிடம் போனார்.

தோக்சோமின் பட்டறை என் வேலிக்கு அடுத்த வேலி. கை வேலை சுத்தம், வாய் ஓயாது. அளவுநாடா வைத்திருக்கிறார், ஆனால் முதலில் முழத்தால் அளப்பார், முழம் சரிதானா என்று பார்க்கத்தான் நாடாவை எடுப்பார்.

கழித்துப்போட்ட லாரி ஒன்றின் அடிச்சட்டமான சேசிஸ் இரும்பை வெட்டி, நான்கு பக்கமும் மூடி, நீளப் பெட்டி போன்ற ஒரு பம்பரைச் செய்தார். அது வண்டியின் உடம்போடு சேராமல், சேசிஸ் நுனிகள் இரண்டிலும் போல்ட் போட்டு நின்றது. உள்ளே மண்வெட்டி, ஜாக்கி, சங்கிலி, கூடார முளைகள் போக இடம் இருந்தது. இரண்டு நுனியிலும் மூடி. பள்ளத்தில் இறங்கி ஏறும்போது மண்ணில் முட்டாதபடி கீழ் மூலைகளைச் சாய்வாக வெட்டிவிட்டார். பம்பரின் இரண்டு கோடியிலும் ஒவ்வொரு தூண். தூணில் லாரி முன்சக்கரத்திலிருந்து எடுத்த கிங்பின் என்ற தடித்த இரும்பு முளை. அந்தப் பின்னில் சுழலும்படி ஒவ்வொரு தூணுக்கும் ஓர் இரும்புக் கை. மூடியிருக்கும்போது இரண்டு கைகளும் பின்கதவின் குறுக்கே நடுவில் வந்து சந்தித்து, கொக்கியில் பூட்டிக்கொள்ளும். திறந்தால் ஒன்று இடப்புறமும் ஒன்று வலப்புறமும் கதவு இறக்கைபோல விலகும். நடுவில் பின்கதவு திறக்க வழி கிடைக்கும். ஒரு கையில் சமையல் பெட்டி. அதன் மூடியைக் கீழே இறக்கினால் அடுப்பு வைக்கும் பலகை. இன்னொரு கையில் விருந்தாளிகளின் மடக்கு நாற்காலிகள், படுக்கைகள்.

இரண்டு கைகளையும் தோக்சோம் ஒரே எடையாகச் செய்தார். கம்பளி நிறுக்கும் தராசில் தொங்கவிட்டுப் பார்த்தார். ஒட்டகத்துக்குச் சுமை கட்டிப் பழகியவர்கள் எதையும் இப்படித்தான் செய்வார்கள். ஒரு பக்கம் கனத்தால் விலங்கின் முதுகு புண்ணாகிவிடும். பெட்டிகளுக்கான போல்ட் துளைகளையும் இரண்டு கைகளின் தகடுகளை ஒன்றாகச் சேர்த்துப் பிடித்து, ஒரே குத்தில் போட்டார். அப்போது தகடுகளைப் பிடித்துக்கொண்டு நின்றது ஹந்தா.

ஹந்தா சொன்ன ஒரே குறிப்பு இது: "அண்ணே, சமையல் பெட்டி ஸூன் பக்கம் வரணும். விருந்தாளி சாமான் அந்தப் பக்கம்."

எங்கள் மொழியில் கிழக்குக்கும் இடதுக்கும் ஒரே சொல்தான், ஸூன். எங்கள் கூடார வீட்டின் வாசல் எப்போதும் தெற்கே இருக்கும். வாசலைப் பார்த்து உட்கார்ந்தால் இடது கை கிழக்கு. அதனால் பிறந்ததிலிருந்து இரண்டையும் யாரும் பிரித்து நினைப்பதில்லை. வீட்டுக்குள் கிழக்குப் பாதி சமையலுக்கும் பெண்களுக்கும், மேற்குப் பாதி வருகிறவர்களுக்கு. ஹந்தா வண்டியோடு ஒரு வீட்டைக் கொண்டுபோவதாகத்தான் நினைத்திருந்தார். அதை விளக்கிச் சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தோன்றவேயில்லை.

உயங்காவின் விமானம் வரும் நாள் காலையில் ஹந்தா ஜீப்பை எடுக்க வந்தார். இரண்டு சுற்று நடந்து பார்த்தார். பிறகு கத்தினார். நான் வேலியருகே போனேன்.

"அண்ணே! சமையல் பெட்டிய ஏன் மேக்க வச்சீங்க?"

"எங்க மேக்கு? நீ ஸூன்னு சொன்ன, ஸூன்ல வச்சிருக்கேன். வண்டிக்கு இடது, ஸ்டியரிங் பக்கம். கண்ணு தெரியலயா?"

"ஸூன்னா கிழக்கு!"

"கிழக்குலதானே இருக்கு! சூரியன் எங்க நிக்குது பாரு!"

அது உண்மை. தோக்சோமின் வாயிற்கதவு தெற்கே. ஜீப்பை அவர் பின்னோக்கி உள்ளே விட்டிருந்தார். முகம் தெற்கே நின்றதால் வண்டியின் இடதும் கிழக்கும் ஒரே பக்கத்தில் விழுந்திருந்தன. வேலை நடந்த நாளெல்லாம் அவருக்கு ஒரு சந்தேகமும் வந்திருக்க வழியில்லை.

"காட்டுல போய் இப்படியா நிறுத்துவேன்? காத்துக்கு முகத்தக் காட்டித்தான் நிறுத்துவேன். முகம் வடக்க போச்சுன்னா பெட்டி மேக்க போச்சு!"

"ஏன் வடக்கப் பாத்து நிறுத்தற? வீட்டுக்கு வாசல் தெக்க. ஜீப்புக்கு வாசல் முன் கண்ணாடி. அத தெக்கப் பாத்து நிறுத்து, எல்லாம் அதது எடத்துல இருக்கும்."

"கண்ணாடி வழியா எவன் உள்ள நொழைவான்? பின்கதவுதான் வாசல். சோறு எடுக்கறது அதுல, படுக்கை எடுக்கறது அதுல."

"அப்ப குதிரைக்கு வாசல் எதுன்னு சொல்லு பாப்போம்."

பட்டறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். ஹந்தா சிரிக்கவில்லை. என் பக்கம் திரும்பினார். நான் இந்த ஊர் வானிலை நிலையத்தில் காற்றையும் மழையையும் பதிவு செய்து ஓய்வு பெற்றவன்.

"நீங்க சொல்லுங்கய்யா. இங்க காத்து எங்கேருந்து வருது?"

"வடமேற்கிலேருந்து. பெரும்பாலும்," என்றேன்.

"பெரும்பாலுமாம்!" என்றார் தோக்சோம். "கேட்டுக்க. பாக்கி நேரம் நான் சொன்னதுதான் சரி."

வெட்டி மாற்ற நேரம் இல்லை. மின்சாரமும் அன்று காலையிலிருந்து இல்லை. ஹந்தா ஜீப்பில் ஏறி, கதவை ஓங்கிச் சாத்திவிட்டு விமான நிலையம் போனார்.

இனி வருவதை நான் பார்க்கவில்லை. ஹந்தா சொன்னதையும், பின்னர் உயங்காவும் சம்தன் என்ற ஒட்டகக்காரரும் சொன்னதையும் ஒப்பிட்டு எழுதுகிறேன். வேறுபடும் இடத்தில் வேறுபாட்டைச் சொல்லிவிடுகிறேன்.

உயங்காவுக்கு முப்பத்திரண்டு வயது. பேச்சில் குறை வைக்காதவள், பாராட்டும் வைக்காதவள். ஜீப்பின் பின்பக்கத்தைப் பார்த்துவிட்டு, "வாலு நல்லாத்தான் இருக்கு. ஓடுதான்னு பாப்போம்," என்று மட்டும் சொன்னாள்.

மதியச் சாப்பாட்டுக்கு நிறுத்தியபோது ஹந்தா தோக்சோம் சொன்னபடியே செய்து பார்த்தார். முகத்தைத் தெற்கே வைத்தார். சமையல் பெட்டி அழகாகக் கிழக்கே திறந்தது. காற்று பின்னாலிருந்து நேராக வந்து அடுப்பை இரண்டு தடவை அணைத்தது. மூன்றாவது தடவை, உருட்டி வைத்த மாவின் மேல் மணலைக் கொட்டியது. உயங்கா சாப்பிட்டாள். ஒவ்வொரு வாய்க்கும் பல்லில் மணல் நெரியும் சத்தம் கேட்டது.

"அக்கா, இதுல என்ன போட்டீங்க?"

"ஆட்டிறைச்சி, வெங்காயம்."

"அதுக்கப்புறம்?"

"தோக்சோம் அண்ணனோட யோசனை."

சாயங்காலம் மணல்மேடுகளுக்கு முன்னால், சக்சால் புதர்கள் இருக்கும் தட்டையான இடத்தில் தங்கினார்கள். இந்த முறை ஹந்தா ஜீப்பின் முகத்தை வடமேற்கே, காற்றுக்கு எதிராக வைத்தார். பின்பக்கம் அசையாத காற்றோடு கதகதப்பாக இருந்தது. அடுப்பு ஒரே தடவையில் பற்றியது. ஆனால் பெட்டியும் அடுப்பும் மேற்கே போய்விட்டன, நாற்காலிகள் கிழக்கே. உயங்கா கிழக்கே உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஹந்தா மேற்கே நின்று நூடுல்ஸ் வெட்டிக்கொண்டிருந்தார். "கல்யாண வீட்டுல மாப்பிள்ளைக்கான எடத்துல உக்காந்துக்கிட்ட மாதிரி இருந்துச்சு," என்று பிறகு என்னிடம் சொன்னார்.

வெளிச்சம் நன்றாக இருக்கும்போதே ஒரு மோட்டார் சைக்கிள் வந்தது. தூரத்திலேயே நிறுத்திவிட்டு, "நாயைப் பிடிங்க!" என்று குரல் கொடுத்தபடி ஒருவர் நடந்து வந்தார். நாய் இல்லை. இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரு வீட்டை நெருங்கும்போது சொல்கிற வார்த்தை அது. அவர்தான் சம்தன். ஓடிப்போன ஒட்டகம் ஒன்றைத் தேடி வந்தவர்.

சம்தன் தென்கிழக்கிலிருந்து, ஜீப்பின் பின்பக்கமாக வந்தார். வாசல் என்று எதைக் கொள்வது என்ற குழப்பம் அவருக்கு இல்லை. ஆள் இருக்கிற பக்கம் வாசல். வந்தவர் வழக்கப்படி மேற்கே ஒதுங்கினார், விருந்தாளி போகிற பக்கம். தலை குனிந்து மார்புத் துணிக்குள் கைவிட்டு, சந்திக்கும்போது மரியாதைக்கு நீட்டும் மூக்குப்பொடிக் குப்பியைத் தேடிக்கொண்டே நடந்தார். கொதிக்கும் பானையும் அதைத் தாங்கும் பலகையும் அந்தப் பக்கத்தில் இருக்கும் என்று நினைக்க அவருக்குக் காரணம் எதுவும் இல்லை.

பலகையில் இடித்தது அவருடைய முழங்கால் என்கிறார் ஹந்தா. அங்கியின் கை நுனி என்கிறாள் உயங்கா. சம்தன், பானை தானாகவே விழுந்தது என்கிறார். எப்படியோ பானை கவிழ்ந்தது. சாறு முழுவதும் மணலில் போனது. அடுப்பு சரிந்து, சம்தனின் அங்கி விளிம்பில் தீப்பிடித்தது. ஹந்தா ஈர மாவைப் பாத்திரத்தோடு அதன்மேல் கவிழ்த்து அணைத்தார்.

"அட கடவுளே! அக்கா, அடுப்ப இங்க யாரு வைப்பாங்க!"

"தலன்சத்கத்துல ஒருத்தர் வைப்பாரு. சுட்டுச்சா?"

"பூட்ஸ்தான். காலு தப்பிச்சுது. உங்க சாப்பாடு போச்சே. நம்ம வீட்டுக்கு வாங்க, பக்கந்தான், அந்த மேட்டுக்கு அப்பால."

உயங்கா எழுந்து வந்தாள். கவிழ்ந்த பானையைப் பார்த்தாள். கருகிய அங்கி விளிம்பைப் பார்த்தாள்.

"ஹந்தா அக்கா, இதுவே வெளிநாட்டுக்காரங்க நடந்து வந்திருந்தா, வெறும் செருப்போட. கால் முழுக்க கொதிக்கிற சாறு. நான் ஆஸ்பத்திரி தேடணும், விமானம் தேடணும். வண்டி புரேவோடதா இருக்கட்டும். நீங்க சமைக்க வாங்க. தப்பா எடுத்துக்காதீங்க."

இதை அவள் கோபமாகச் சொல்லவில்லை. ஹந்தா சம்தனிடம் திரும்பினார்.

"அண்ணே, உங்க பைக்ல பதினேழாம் நம்பர் ஸ்பேனர் இருக்கா? என்கிட்ட ஒண்ணுதான் இருக்கு. ரெண்டு வேணும்."

"இருக்கு. எதுக்கு?"

"ஒண்ணு தலையப் பிடிக்க, ஒண்ணு நட்டத் திருப்ப."

"அக்கா, இப்ப என்ன பண்ணப் போறீங்க?" என்றாள் உயங்கா.

"கிழக்கக் கிழக்கால கொண்டுபோறேன். நீங்க உக்காருங்க. பையில காஞ்ச தயிர்க்கட்டி இருக்கு, கடிச்சுக்கிட்டிருங்க."

பெட்டிகளை மட்டும் மாற்றிப் போட முடியாது, துளை வரிசை ஒரு கையில் இடப்புறமும் மற்றதில் வலப்புறமும் சாய்ந்திருந்தது. அவர் செய்தது இதுதான். முதலில் பெட்டியையும் நாற்காலிச் சட்டத்தையும் கைகளிலிருந்து கழற்றினார். பிறகு கிங்பின் தலையிலிருந்த நட்டைத் திருப்பி, இரண்டு கைகளையும் தூண்களிலிருந்து உருவினார். இடது கையைத் தலைகீழாகப் புரட்டினால் அது வலது கையாகிவிடும், வலதும் அப்படியே. தூண்களும் பின்களும் இரண்டு பக்கமும் ஒன்றுபோல இருந்தன. எடையும் ஒன்று. போல்ட் துளைகள் பொருந்துமா என்பதுதான் சந்தேகம். தகடுகளைச் சேர்த்துப் பிடித்துத் துளையிட்டது ஹந்தாவுக்கு நினைவிருந்தது. புரட்டிய பிறகும் துளைகள் பொருந்தின. ஒன்று மட்டும் அரை விரல் விலகியிருந்தது. அதை அவர் சம்தனைக் கம்பியால் நெம்பச் சொல்லி உள்ளே தள்ளினார்.

கிரீஸ் இல்லை. சம்தன் அங்கிக்குள்ளிருந்து ஆட்டுக்கொழுப்புத் துண்டு ஒன்றை எடுத்தார். வழியில் சாப்பிட வைத்திருந்தது. அதைப் பின்னில் தேய்த்தார்கள்.

"இன்னிக்கி எனக்கும் சாப்பாடு இல்ல," என்றார் சம்தன். "இந்த ஜீப்பு தின்னுருச்சு."

"கொஞ்சம் தூக்கிப் பிடிங்க. பேசிக்கிட்டே எறக்கறீங்க."

"என் பொண்டாட்டியும் இதத்தான் சொல்றா."

உயங்கா முதலில் உட்கார்ந்திருந்தாள். பிறகு வந்து நட்டுகளைக் கையில் வாங்கி வைத்துக்கொண்டாள். அந்த நேரத்தில் அவள் "சரி, செஞ்சு காட்டுங்க" என்று சொன்னதாக அவளே என்னிடம் கூறினாள். ஹந்தாவோ, அவள் ஒரு வார்த்தையும் பேசவில்லை என்கிறார். சம்தனுக்கு நினைவில்லை.

கைகள் மாறின. சமையல் பெட்டி வலது கையில், நாற்காலிகள் இடது கையில் ஏறின. ஒரே ஒரு தொல்லை மிச்சமிருந்தது. பூட்டும் கொக்கி கைகளின் கீழ் விளிம்பில் இருந்தது. புரட்டியதால் மேலே போய்விட்டது. பம்பரிலுள்ள வளையமோ கீழே. இரண்டும் இனி சந்திக்காது. பூட்டாத கைகள் ஓட்டத்தில் திறந்துகொண்டு, எதிரே வருகிறவனை அடித்துவிடும். ஹந்தா சம்தனிடம் ஒட்டகக் கயிற்றைக் கேட்டார்.

"ஒட்டகத்தக் கண்டுபிடிச்சா எதால கட்டுவேன்?"

"கண்டுபிடிச்சீங்களா?"

சம்தன் கயிற்றைக் கொடுத்தார். ஒட்டகமயிரில் முறுக்கியது, சுண்டுவிரல் பருமன். ஹந்தா கைகள் இரண்டையும் மூடி, நடுவில் எட்டு வடிவில் சுற்றி, சுமைக்குப் போடும் முடிச்சைப் போட்டார். எவ்வளவு குலுங்குகிறதோ அவ்வளவு இறுகும் முடிச்சு அது. அவிழ்க்க ஒரு நுனியை இழுத்தால் போதும். பிறகு அவிழ்த்து, திறந்து, கிழக்கே அடுப்பைப் பற்ற வைத்து, பெட்டியில் மிச்சமிருந்த காய்ந்த இறைச்சியைப் போட்டு மறுபடியும் சாறு வைத்தார். சம்தன் மேற்கே நாற்காலியில் உட்கார்ந்து, தன் பொடிக்குப்பியை ஒருவழியாக எடுத்து உயங்காவிடம் நீட்டினார். யாரும் எதிலும் இடிக்கவில்லை.

மறுநாள் காலை உயங்கா வழக்கமான தடத்தில் போக வேண்டாம் என்றாள். காய்ந்த ஆற்றுப்படுகை வழியே போகச் சொன்னாள். அது கல்லும் பள்ளமும். வேன்காரர்கள் சுற்றிக்கொண்டு போகிற இடம். ஹந்தா முதல் கியரில் இறங்கினார். பள்ளத்திலிருந்து ஏறும்போது பம்பரின் சாய்ந்த மூலை கல்லை உரசியது, முட்டவில்லை. உயங்கா மூன்று இடங்களில் நிறுத்தச் சொல்லி, இறங்கிப் பின்னால் போய்க் கயிற்றை இழுத்துப் பார்த்தாள். மூன்றாவது இடத்தில் அது முதல் இடத்தைவிட இறுக்கமாக இருந்தது. பம்பரின் ஒரு கோடி மூடி மட்டும் குலுங்கித் திறந்துகொண்டு, கூடார முளைகள் சில வழியில் விழுந்துவிட்டன. ஹந்தா திரும்பிப் போய்த் தேடினார். பாதிதான் கிடைத்தது.

"இது?" என்றாள் உயங்கா, மூடியைக் காட்டி.

"கொண்டி மாத்தணும். ஊருக்குப் போனதும் மாத்தறேன்."

"யாரு மாத்துவா?"

"தோக்சோம் அண்ணன். நான் பக்கத்துல நிப்பேன்."

விமான நிலையத்துக்கு வெளியே உயங்கா தன் பையை எடுத்துக்கொண்டாள். கயிற்றின் மேல் கைவைத்து ஒரு தடவை அசைத்துப் பார்த்தாள். இரும்புக் கைகள் அசையவில்லை.

"இந்தக் கயிறு வேணாம் அக்கா. பாக்கறவங்க பயப்படுவாங்க. இரும்புக் கொக்கி போடுங்க."

"போட்டுட்டா?"

"போட்டுட்டு ஒரு போட்டோ அனுப்புங்க. முதல் குழுவுல மூணு பேரு. ஒருத்தர் மீன் மட்டும்தான் சாப்பிடுவாராம்."

"கோபியிலயா?"

"அது உங்க பாடு. ஓட்டுநரும் நீங்க, சமையலும் நீங்க."

ஹந்தா அங்கிருந்து நேராகப் பட்டறைக்கு வந்தார். என்ன நடந்தது என்பதைச் சொன்னார். தோக்சோம் புரட்டிப்போட்ட கைகளைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். தன்னுடைய துளைகள் பொருந்தியதை மட்டும் பல தடவை பேசினார். விலகிய ஒரு துளையைப் பற்றிப் பேசவில்லை. பழைய கொக்கிகளை அறுத்தெடுத்துப் புதிய இடத்தில் வைத்து வெல்டு செய்தார். ஹந்தா அறுத்த இடங்களைத் தேய்த்து வண்ணம் பூசினார். போட்டோ போனது. சம்தனுடைய கயிற்றை மணல்மேடுகள் பக்கம் போன ஒருவரிடம் கொடுத்தனுப்பினார். ஒட்டகம் அதற்குள் தானாகவே வீடு திரும்பியிருந்ததாகத் தகவல் வந்தது.

முதல் குழு வந்த அன்று நானும் விமான நிலையத்தில் இருந்தேன். என் மருமகன் உலான்பத்தூரிலிருந்து வந்தான். வண்டிகள் வரிசையாக நின்றன. எல்லாம் வேன்கள், பெரிய ஜப்பான் வண்டிகள். கடைசியில் ஹந்தாவின் ஜீப். ஓட்டுநர்கள் புகைபிடித்துக்கொண்டு நின்றிருந்த கூட்டத்தில் புரேவும் இருந்தான். அவன் ஹந்தாவைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னான்:

"அக்கா, என் வண்டிக்குச் சமையல்காரி தேடறேன். யாராவது இருந்தா சொல்லு."

"உன் பொண்டாட்டியக் கேளு."

"அவ வரமாட்டா. என் ஓட்டம் தாங்காதாம்."

"என் முதுகுக்கும் அது தெரியும்," என்றார் ஹந்தா.

கூட்டம் சிரித்தது. புரேவும் சிரித்தான். கதவு திறந்து பயணிகள் வெளியே வந்தார்கள். மூன்று பேர் ஒரு துண்டுச்சீட்டில் எழுதியிருந்த ஓட்டுநர் பெயரைப் படித்துக்கொண்டே வரிசையில் நடந்து வந்து, ஓட்டுநர்களின் முகங்களைப் பார்த்து, புரேவின் வேன் அருகே நின்றார்கள். புரேவ் தலையை ஆட்டி, கடைசி வண்டியைக் கைகாட்டினான். ஹந்தா அவர்களுடைய பைகளை வாங்கி, இரும்புக் கைகளைத் திறந்து, பின்கதவுக்குள் வைத்துப் பூட்டினார். கொக்கியை ஒரு தடவை உலுக்கிப் பார்த்தார். அவர்களை ஏறச் சொல்லிவிட்டு, இடப்பக்கம் சுற்றி வந்து ஸ்டியரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்தார்.